ஆயிரத்து நூற்று எண்பத்தேழில் ஒன்று

பகலில் பல் செய்கிறவன் நான்.
மார்த்தாண்டத்தில், மேம்பாலத் தூண் ஒன்று
சன்னலை முழுக்க அடைத்து நிற்கும் மாடியில்
மூன்று டாக்டர்களுக்கு மேல்செட்டு, கீழ்செட்டு, ஒற்றைப் பல்.
யாருடைய வாய் என்று தெரியாது.
கடித்த தடம் மட்டும் வரும், பிளாஸ்டரில்.

இரவில், ஷைனி நாடகம் பார்க்க உட்கார்ந்த பிறகு,
கட்டைகள்.
எட்டுப் புள்ளி, நாலு புள்ளி, சரிவு, வளைவு.
நிறம் பார்த்துப் பிரிப்பவர்கள் உண்டு.
நான் வடிவம் பார்ப்பவன்.
சிவப்புக் குவியலுக்குள் சின்னச் சிவப்பு ஒன்றைத் தேடிப் பாருங்கள்,
கண் அவிந்துவிடும்.

வயசு நாற்பத்தாறு.
கூரியர் பையன் பெட்டியைக் குலுக்கிப் பார்த்துக் கேட்பான்:
“பிள்ளைக்கா அண்ணே?”
“எனக்காக்கும்.”
இரண்டு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.
அவனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.

குளச்சலில் ஒருவர் விற்கிறார் என்று கேட்டுப் போனேன்.
இருதயதாசன். கப்பலில் எஞ்சின் அறை, இருபத்திரண்டு வருடம்.
ஆன்ட்வெர்ப்பில் வாங்கிய கலங்கரை விளக்கம்
சாக்லேட் டப்பாக்களில் பிரிந்து கிடந்தது.
“ஆயிரத்து நூற்று எண்பத்தேழு. எண்ணியாச்சு.
வீடு மாறுதோம். எடம் இல்ல.”
விலை சொல்லவில்லை.
மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
நான் சொன்ன தொகைக்கு
கடலைப் பார்த்துச் சரி என்றார்.
ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

வெள்ளைக் கட்டைகள் எல்லாம் மஞ்சள்,
தேயிலைக் கறை பிடித்த பல் மாதிரி.
அதற்கு மருந்து என் அலமாரியிலேயே இருந்தது.
கண்ணாடித் தட்டில் பெராக்சைடு ஊற்றி
மொட்டைமாடி வெயிலில் வைத்தேன்.
பக்கத்திலேயே ஷைனியின் மரச்சீனி வற்றல்.
“கெழங்குல அந்தத் தண்ணி தெறிச்சுது,
அப்புறம் இருக்கு உமக்கு.”
இரண்டரை மணிக்கு வேளிமலை கறுத்தது.
ஆளுக்கொரு தட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினோம்.
மழை திக்கணங்கோட்டோடு நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் வெளுத்தது. கட்ட உட்கார்ந்தேன்.
டிக் என்று ஒரு பிடி பிடிக்கும் பாருங்கள்,
நல்ல பல்செட்டுக்கும் அதுதான் லட்சணம்:
உறுத்தவும் கூடாது, தானாகக் கழலவும் கூடாது.
நூற்று இருபத்தோராவது படியில்
படம் கேட்டது: வெள்ளை, சரிவு, இரண்டு புள்ளி.
இல்லை.
கட்டிலுக்கடியில் இல்லை. வற்றல் டின்னில் இல்லை.
ஒரு காக்கையின் மேல் இரண்டு நாள் சந்தேகம்.
எல்லாவற்றையும் பிரித்து எண்ணினேன்.
ஆயிரத்து நூற்று எண்பத்தாறு.

மறுநாள் வேலை முடிந்தும் லேபைப் பூட்டவில்லை.
அதே வடிவக் கட்டை ஒன்றுக்கு அச்செடுத்து,
பல்லுக்கு ஊற்றும் அக்ரிலிக்கையே ஊற்றி,
தேய்த்து, மினுக்கி,
வீட்டுக்கு வந்து சட்டை மாற்றாமல் வைத்து அமுக்கினேன்.
டிக்.

நிறம்தான்.
என்னிடம் இருப்பதில் வெளிறியது பி-ஒன்று.
மனிதப் பல்லில் காகித வெள்ளை கிடையாது.
கோபுரத்தின் பாதியில், அத்தனை வெளுப்புக்கும் நடுவே,
அது மட்டும் சோறு தின்றதுபோல் இருந்தது.
ஷைனி குனிந்து பார்த்தாள்.
“இது யாருக்க பல்லு?”

இரண்டு வாரம் கழித்து இருதயதாசன் அழைத்தார்.
“சாமான் தூக்கும்போ பிரிட்ஜுக்க அடியில கெடந்து.
சின்ன வெள்ளக் கட்ட.
பஸ்ஸுல குடுத்து விடட்டா?”
“வேண்டாம். நீரே வச்சுக்கிடும்.”
“ஒண்ண வச்சு நான் என்னத்தக் கெட்ட?”

எனக்கும் சொல்லத் தெரியவில்லை.
அப்போதுதான் அவர் சிரித்தார்.
சிரிப்பின் ஓரத்தில் காற்று விசிலடித்தது.
மேல்வரிசை, முன்பல்.
போய் நாளாகியிருக்கும்.

“ஒருநாள் மார்த்தாண்டம் வாரும்” என்றேன்.